கம்ப்யூட்டர் கிடங்கு: கொள்ளளவு மட்டும் கேட்டால் போதுமா?

நெல், அரிசி வியாபாரத்தில் இருப்பவர்கள் ஒரு கிடங்கை வாடகைக்குப் பேசும்போது இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். எத்தனை மூட்டை அடுக்கலாம் என்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை மூட்டை ஏற்றி இறக்கலாம் என்பது மற்றொன்று. ஐயாயிரம் மூட்டை கொள்ளும் கிடங்காக இருந்தாலும், ஒற்றைக் கதவும் லாரி திரும்ப முடியாத சந்தும் அமைந்துவிட்டால், தை மாதத்தில் அது நமக்கு உதவாது.

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. அது இருப்பு. நம் வாய்க்காலில் வந்து சேருவது கல்லணையிலும் அதற்குக் கீழுள்ள தலைப்புகளிலும் விநாடிக்கு எத்தனை கன அடி விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இருப்பு வேறு, ஓட்டம் வேறு.

கம்ப்யூட்டர் விற்பவர்கள் தருகின்ற கொட்டேஷனில் பெரும்பாலும் இருப்பு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். "12 டெராபைட்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். விநாடிக்கு எத்தனை வேலை செய்யும் என்பது ஒரு வரியிலும் இருக்காது. அண்மைக்காலமாக நம் உறுப்பினர்களில் இரண்டு மூன்று கடைகளும் ஆலையும் சேர்த்து நடத்துபவர்களிடம், "எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வர்ச்சுவல் மெஷினாகப் போட்டுத் தருகிறோம்" என்று பல லட்ச ரூபாய்க்கு விலை கூறுகிறார்கள். வாங்கலாம், தவறில்லை. வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

வர்ச்சுவல் மெஷின் என்பது

ஒரு பெரிய கட்டடத்தைத் தடுத்து நான்கு கடைகளாக விடுவது போல, ஒரே கம்ப்யூட்டரை மென்பொருளால் தடுத்துப் பல கம்ப்யூட்டர்களாக ஆக்குவதே இது. மளிகை பில்லிங்குக்கு ஒன்று, ஆலைக் கணக்குக்கு ஒன்று, ஆவணங்களுக்கு ஒன்று என்று தனித்தனியே இயங்கும். ஒன்று பழுதானால் மற்றதைப் பாதிக்காது. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே பெரிய இயந்திரங்களில் செய்த வேலைதான். 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் இதைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியபின், ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே சிறிய நிறுவனங்கள் பலவும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளுக்குப் போகின்றன. இதற்குச் சந்தா கட்டாமலும் பயன்படுத்தலாம். பழைய வி.எம்.வேர் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச வேண்டாம்.

இந்த மெய்நிகர் கம்ப்யூட்டர்களுக்குரிய டிஸ்க் எல்லாம் எங்கே இருக்கிறதோ அந்தப் பெட்டியைத் தொழிலில் 'ஸ்டோரேஜ் நோடு' என்பார்கள். கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். நான்கு கடைகளுக்கும் சரக்கு வருவது இந்த ஒரு கிடங்கிலிருந்து. எனவே இங்கே தாமதம் ஏற்பட்டால் நான்கு கடையும் ஒன்றாக நிற்கும். தனித்தனி கம்ப்யூட்டராக இருந்த காலத்தில் இந்த ஆபத்து இல்லை.

எவ்வளவு இடம் வேண்டும்?

முதலில் சட்டம் கேட்பதைப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருத்தல் வேண்டும். 2024-25 ஆம் ஆண்டின் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் வரை. அதாவது 2024 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லை ஏழே முக்கால் வருடம் காப்பாற்ற வேண்டும். வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் நீளலாம். "ஆறு வருடம்தானே" என்று சொல்பவர்கள் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பில்களுக்கு அதிக இடம் தேவைப்படுவதில்லை. நாளொன்றுக்கு 1,500 பில், ஒவ்வொன்றும் 20 கே.பி. என்று தாராளமாகவே வைத்தாலும் நாளுக்கு 30 எம்.பி., வருடத்துக்கு 11 ஜி.பி.க்குள்தான். எட்டு வருடத்துக்கு 90 ஜி.பி.யைத் தாண்டாது. இடத்தைத் தின்பது கண்காணிப்புக் கேமரா. எட்டு கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் மொத்தம் விநாடிக்கு 4 எம்.பி. ஒரு நாளைக்கு 345 ஜி.பி. ஒரு மாதப் பதிவுக்குப் பத்து டெராபைட்டுக்கு மேல். எட்டு வருடக் கணக்குக்கு 90 ஜி.பி., ஒரு மாதக் கேமராவுக்கு 10,000 ஜி.பி.! இந்த இரண்டையும் ஒரே கிடங்கில் அடுக்கச் சொல்லி யோசனை கூறுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கேமராவுக்கு அதற்கென்றுள்ள பெட்டியும் மலிவான பெரிய டிஸ்க்கும் போதும். உமி மூட்டையைக் கொண்டுபோய் மிளகு கிடங்கில் யாரும் அடுக்குவதில்லை.

கேமராவை விலக்கிவிட்டு, மளிகை மொத்த வியாபாரமும் அரிசி ஆலையும் இரண்டு கிளைகளும் உள்ள ஒரு வியாபாரிக்குக் கணக்குப் போடுவோம். பில்லிங் 300 ஜி.பி., ஆலைக் கணக்கு 200, ஸ்கேன் செய்த ஆவணங்கள் 800, குமாஸ்தாக்கள் ஐவருக்கு 80 வீதம் 400, சில்லறையாக 100. ஆகக்கூடி 1,800 ஜி.பி. வருடம் 20 சதவீதம் வளர்ந்தால் நான்கு வருடத்தில் இது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே, சுமார் 3.7 டெராபைட். அவ்வப்போது எடுத்து வைக்கும் 'ஸ்நாப்ஷாட்' நிலைப்பதிவுகளுக்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 4.5. கிடங்கில் நடக்க வழி விடாமல் கூரை வரை அடுக்கினால் வேலை ஓடாது அல்லவா? அதேபோல முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. எனவே 4.5-ஐ முக்காலால் வகுத்தால் 6 டெராபைட் வருகிறது. இது பயன்படும் இடம். எதற்கும் இரண்டு பிரதி வைத்தால் 12 டெராபைட் வாங்க வேண்டும். மூன்று பெட்டிகளில் மூன்று பிரதி என்றால் 18.

1,800-இல் ஆரம்பித்து 18,000-த்தில் வந்து நிற்கிறோம். இதில் ஏமாற்று ஏதுமில்லை, கணக்கு அப்படித்தான். ஆனால் கொட்டேஷனில் எழுதியிருக்கும் டெராபைட், பிரதிகளுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டு எழுதி வாங்காதவர் ஏமாறுவார். இன்னொன்று, டிஸ்க் தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கிறது. 4 டெராபைட் டிஸ்க் திரையில் 3.64 என்றே காட்டும். இதில் கடைக்காரர் மீது குறையில்லை.

'தின் ப்ரொவிஷனிங்' என்றொரு முறையையும் சொல்லி இடத்தை மிச்சப்படுத்தித் தருவதாகக் கூறுவார்கள். ஆறு மூட்டை இருப்பை வைத்துக்கொண்டு பத்து பேருக்கு ஆளுக்கொரு மூட்டை தருவதாகச் சொல்வதுதான் அது. எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை என்ற நம்பிக்கையில் நடப்பது. கண்காணிப்பு இருந்தால் நல்ல முறையே. இல்லாவிட்டால் இடம் தீரும் நிமிடத்தில் எல்லா மெய்நிகர் கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றுவிடும்.

வேகத்தின் கணக்கு

இனிதான் முக்கியமான பகுதி. சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. விநாடிக்கு 120 சுற்று. தேடும் இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஊசி நகர 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக ஒரு சிறு வேலைக்குச் சுமார் 12.5 மில்லி விநாடி. விநாடிக்கு 80 வேலை. அந்த டிஸ்க் 1 டெராபைட்டாக இருந்தாலும் 20 டெராபைட்டாக இருந்தாலும் இந்த 80 பெரிதாக மாறுவதில்லை. கிடங்கு இருபது மடங்கு பெரிதாகியும் கதவு அதே கதவுதான்.

நம் வியாபாரிக்குக் கூட்ட நேரத்தில் விநாடிக்கு 1,200 வேலை தேவைப்படுகிறது என்று வைப்போம். அதில் படிப்பது 840, எழுதுவது 360. 'ரெய்டு 5' என்ற முறையில் இடம் மிச்சம், ஆனால் ஒருமுறை எழுத டிஸ்க்குகள் நான்கு வேலை செய்ய வேண்டும். பழைய பதிவைப் படித்து, சரிபார்ப்பைப் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். 360 நான்கு மடங்காகி 1,440. படிப்பதையும் சேர்த்து 2,280. எண்பதால் வகுத்தால் 29 டிஸ்க். இரட்டைப் பிரதி முறையான 'ரெய்டு 10'-இல் எழுத இரண்டு வேலைதான். 840-உம் 720-உம் சேர்ந்து 1,560. இதற்கு 20 டிஸ்க்.

இடத்தின் கணக்குப்படி இதே வியாபாரிக்கு 4 டெராபைட் டிஸ்க் நான்கு போதும்! விற்பவர் கொட்டேஷனில் எழுதியதும் நான்குதான். நான்கு டிஸ்க் சேர்ந்து விநாடிக்கு 320 வேலை செய்யும். தேவை 1,560. தீபாவளிக்கு முதல் நாள் மாலை கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது பில் வராமல் திரையில் வட்டம் சுற்றுவதற்குக் காரணம் இதுவே. அப்போது புரோகிராம் எழுதியவரைத் திட்டுவோம். அவர் நெட்வொர்க்காரரைக் கைகாட்டுவார். கணக்கு முதலிலேயே தப்பாக இருக்கிறது.

எஸ்.எஸ்.டி. வந்தபிறகு இந்த இடைவெளி குறைந்துவிட்டது. அதில் சுற்றும் தட்டு இல்லை, ஊசி இல்லை. சாதாரண சாட்டா வகையே விநாடிக்குப் பல்லாயிரம் வேலை செய்யும். என்.வி.எம்.இ. வகை லட்சக்கணக்கில். ஆகவே நம் உதாரணத்தில் நான்கு நல்ல எஸ்.எஸ்.டி. இருபது ஹார்ட் டிஸ்க்கின் வேலையைச் சிரமமின்றிச் செய்துவிடும், மின்சாரமும் மிச்சம். மெய்நிகர் கம்ப்யூட்டர்களுக்கு எஸ்.எஸ்.டி., கேமராவுக்கும் நகல்களுக்கும் ஹார்ட் டிஸ்க் என்று பிரிப்பதே இன்று நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

ஆனால் 'நல்ல' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.யில் மின்சாரம் திடீரென்று போனால் கையிலிருக்கும் வேலையை எழுதி முடிக்க வேண்டிய மின்தேக்கி பெரும்பாலும் இருப்பதில்லை. கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் "பத்திரமாக எழுதியாயிற்றா?" என்று கேட்டு, பதில் வந்தபிறகே நகரும். மின்தேக்கி உள்ள டிஸ்க் உடனே பதில் சொல்லும். இல்லாதது உள்ளே எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதனால் அட்டையில் லட்சம் என்று போட்டிருந்தும் இந்த வேலையில் மிகவும் குறைந்துவிடும். ஆயுளும் உண்டு. நாளுக்கு 200 ஜி.பி. எழுதினால் ஐந்து வருடத்தில் 365 டெராபைட். சேமிப்பு மென்பொருள் தன் குறிப்பேட்டுக்காக இன்னொரு மடங்கு எழுதக்கூடும். 1 டெராபைட் வீட்டு வகைக்கு 600 டெராபைட் வரை எழுத உத்தரவாதம் தருவது வழக்கம். தினம் ஒருமுறை முழுதும் எழுதலாம் என்ற தரத்தில் வரும் சர்வர் வகைக்கு ஐந்து வருடத்தில் 1,825. விலை வித்தியாசம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

தாமதத்தையும் தனியே பாருங்கள். ஒரு பில்லை முடிக்க மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக 200 சிறு வேலைகள் செய்கிறது என்போம். ஒவ்வொன்றுக்கும் 1 மில்லி விநாடி என்றால் 0.2 விநாடியில் பில் வரும். 20 மில்லி விநாடி என்றால் 4 விநாடி. ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 100 பில் போட்டால் இந்த வித்தியாசம் மணிக்கு ஆறு நிமிடத்துக்கும் மேல்.

எப்போது அளப்பது?

மேற்சொன்ன 1,200 உதாரணம். உங்கள் கடையின் எண்ணை அளந்துதான் அறிய வேண்டும். விண்டோஸில் 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்' உள்ளேயே இருக்கிறது, லினக்ஸில் 'ஐஓஸ்டாட்'. செலவில்லை. இப்போதிருக்கும் கம்ப்யூட்டரில் விநாடிக்கு எத்தனை படிப்பு, எத்தனை எழுத்து, எத்தனை மில்லி விநாடி காத்திருப்பு என்று பதிவு செய்யச் சொல்லலாம்.

இருபத்துநான்கு மணி நேரச் சராசரியைக் காட்டினால் ஏற்க வேண்டாம். இரவில் கடை பூட்டியிருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 100 என்று வரும், மாலை ஆறு மணிக்கு 1,200 இருக்கும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டிய நாள்கள், மாதக் கடைசி, காலையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒன்றாகப் போடும் அரை மணி நேரம், இவை பதிவில் இருத்தல் வேண்டும். டெல்டாவில் பருவமும் உண்டு. சம்பா அறுவடையாகித் தை, மாசியில் ஆலைக்கு வண்டி வந்து நிற்கும் நாள்களின் எடைச்சீட்டும் பதிவும் ஆடியில் கிடையாது. ஆடியில் அளந்துவிட்டு அதற்கேற்ப வாங்கினால் தையில் திணறும். அறுவடைக் காலத்தில் அளந்து வைத்துக்கொண்டு மந்தமான மாதத்தில் வாங்குவதே முறை.

ஒரு பெட்டியா, மூன்று பெட்டியா?

மூன்று பெட்டிகளை இணைத்து ஒரே கிடங்காக ஆக்கும் மென்பொருள்கள் உண்டு. செஃப் என்பது பிரபலமானது. ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சிக் கூடம்கூடப் பயன்படுத்துகிறது. வழக்கமாக மூன்று பிரதி வைக்கும். 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கும், 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சுமார் 4 ஜி.பி. நினைவகத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு ஆறு டிஸ்க் என்றால் 24 ஜி.பி. அதற்கே போய்விடும், மெய்நிகர் கம்ப்யூட்டர்களுக்கு மீதியைத்தான் கணக்கிட வேண்டும்.

ஏன் மூன்று, இரண்டு போதாதா என்று கேட்பார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள கம்பி அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைத்துத் தனித்தனியே கணக்கு எழுத ஆரம்பித்துவிடும். இரண்டு பேரேடும் ஒத்துப்போகாது. மூன்றாவது ஒன்று இருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று பெரும்பான்மை கிடைக்கும்.

இதில் நெட்வொர்க்கே கதவு. சாதாரண 1 கிகாபிட் கம்பியில் விநாடிக்குச் சுமார் 110 எம்.பி. போகும். ஒரு டிஸ்க் பழுதாகி 4 டெராபைட்டை மறுபடி பிரதி எடுக்க அதில் பத்து மணி நேரம் ஆகும். அந்தப் பத்து மணி நேரமும் அதே கம்பியில்தான் பில்லும் ஓட வேண்டும். 10 கிகாபிட் இல்லாமல் மூன்று பெட்டி ஏற்பாடு வேண்டாம் என்பேன். அதுவும் சேமிப்புக்கென்று தனிக் கம்பியாக இருக்கட்டும்.

நேராகச் சொன்னால், நம் ஊர் அளவிலுள்ள கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று பெட்டி தேவையில்லை. இரட்டைப் பிரதியாக நல்ல எஸ்.எஸ்.டி. போட்ட ஒரு சர்வர், மணிக்கொருமுறை மாற்றங்களை வாங்கிக்கொள்ளும் சுமாரான இரண்டாவது சர்வர், இவை போதும். முதலாவது படுத்தால் ஒரு மணி நேரப் பதிவைக் கையால் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் மட்டும் மூன்று பெட்டிக்குப் பணம் செலவழிக்கலாம்.

பிரதி வேறு, நகல் வேறு

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் மூன்று பிரதியிலும் அந்த விநாடியே அழிந்துவிடும். பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸும் அப்படியே மூன்றிலும் பரவும்.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஆவணங்கள் இருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு, சுமார் 858 டெராபைட், முழுதும் எரிந்து போயிற்று. வெளியே நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது, வேகம் குறைந்த அமைப்பு, அதனால் வெளியே நகலெடுக்க இயலவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். கதவைக் கணக்கிடாமல் கிடங்கு கட்டியதன் விளைவு இது. 2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் மையம் எரிந்தபோதும், நகலை அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

தீ விபத்து நமக்குத் தூரமாகத் தோன்றலாம். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை டெல்டா மறக்கவில்லை. பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அரை மணி நேர யு.பி.எஸ். அதற்கு என்ன செய்யும்? ஒரு நகல் தஞ்சையிலோ திருச்சியிலோ, சர்வரோடு இணைக்கப்படாத டிஸ்க்கில் இருத்தல் வேண்டும்.

நகலுக்கும் வேகக் கணக்கு உண்டு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரம், விநாடிக்கு 100 எம்.பி. என்றால் 2.8 டெராபைட் எடுக்கலாம். நம் உதாரணத்தின் 1.8 டெராபைட்டுக்கு ஐந்து மணி நேரம். முடியும். நான்கு வருடம் கழித்து 3.7 ஆகும்போது ஓர் இரவு போதாது, அப்போது மாற்றங்களை மட்டும் எடுக்கும் முறைக்கு வந்தாக வேண்டும். திரும்பப் போடும் நேரத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. நகலை இன்டர்நெட்டில் வைத்திருந்து, கடையில் 100 மெகாபிட் இணைப்பு இருந்தால் விநாடிக்கு 12.5 எம்.பி. 1.8 டெராபைட் வந்து சேர 40 மணி நேரம், அதுவும் லைன் அறுந்து போகாமல் இருந்தால். டிஸ்க்கை பஸ்ஸில் எடுத்து வருவது வேகமானது!

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

பிரதிகள் போக, முக்கால் பாகம் நிரப்பும் கணக்கில் பயன்படும் இடம் எவ்வளவு என்பதை எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள். விநாடிக்கு எத்தனை வேலை, அதில் எழுதுவது எத்தனை சதவீதம், அந்தச் சுமையில் தாமதம் எத்தனை மில்லி விநாடிக்குள் என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தாமதத்தைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எஸ்.எஸ்.டி.யின் மாடல் எண், எழுதும் ஆயுள், மின்தேக்கி உண்டா என்பவை பில்லிலேயே இருக்கட்டும். "அதற்கு இணையானது" என்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள்.

பணத்தில் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, 'எஃப்.ஐ.ஓ.' என்ற இலவசச் சோதனை மென்பொருளால் ஒப்புக்கொண்ட சுமையை ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுத்துக் காட்டச் சொல்லலாம். ஐந்து நிமிடச் சோதனை போதாது. எஸ்.எஸ்.டி. முதல் சில நிமிடங்கள் மட்டும் வேகமாக ஓடி, பிறகு இறங்கும் வகையும் உண்டு. சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவச் சொல்லுங்கள். பில் நிற்கக் கூடாது. பிறகு நகலிலிருந்து ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரை வேறு பெட்டியில் எழுப்பிக் காட்டி, முந்தின நாளின் கடைசிப் பில்லைத் திரையில் கொண்டு வந்தபின் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.